இசட் பட்டன்

அந்தத் திரைப்படப் பயிற்சிக் கூடத்தின் எடிட்டிங் அறையில் இருபத்திரண்டு கணினிகள் இருந்தன. ஒன்றில்கூட இசட் பட்டன் இல்லை. அவை தேய்ந்து விழவில்லை, யாரும் திருடிக்கொண்டு போகவும் இல்லை. கூடத்து முதல்வரின் எழுத்து மூலமான உத்தரவின் பேரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை கீபோர்டுகளிலிருந்து நெம்பி எடுக்கப்பட்டு, இரண்டு முறை எண்ணப்பட்டு, உறையில் போட்டு அரக்கு முத்திரை வைக்கப்பட்டு, முதல்வரின் மேசையில் இரண்டாவது இழுப்பறையில் பூட்டப்பட்டன.

காரணம் இதுதான். எடிட்டிங் மென்பொருளில் கன்ட்ரோல் பட்டனையும் இசட் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் கடைசியாகச் செய்த காரியம் செய்யாததாகிவிடும். தப்பாக வெட்டிய காட்சி திரும்ப ஒட்டிக்கொள்ளும். தவறி அழித்தது எழுந்து உட்காரும். எடிட்டிங் செய்கிறவர்கள் ஒரு வேளைச் சோறு இல்லாமல் இருந்தாலும் இருப்பார்கள், இது இல்லாமல் இருக்கமாட்டார்கள். இப்படி ஒரு வசதி இருப்பது முதல்வருக்குப் பதவிக்கு வந்து ஆறு வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. தெரிந்த மறுநாளே எல்லோரையும் அரங்கில் கூட்டினார்.

"நான் எடுத்த ஒரு முடிவைக்கூட இதுவரைக்கும் திரும்ப வாங்கினதில்ல," என்றார். "தப்புன்னு தெரிஞ்ச பிறகும் வாங்கினதில்ல. அதனாலதான் இந்த நாற்காலியில இருக்கேன். நாளைக்கு நீங்களும் இப்படி நாற்காலிகளுக்கு வரணும். ஒரு பட்டன் அதைக் கெடுக்கறதைப் பார்த்துக்கிட்டு நான் சும்மா இருக்க மாட்டேன்."

பலத்த கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் அலுவலர்கள் உட்கார்ந்திருந்தால் எப்படி எழுமோ அப்படி எழுந்தது.

மென்பொருளின் மெனுவிலும் அதே வசதி ஒரு வரியாக இருக்கிறது என்று யாரோ போய்ப் போட்டுக்கொடுத்தார்கள். உடனே இருபத்திரண்டு திரைகளிலும் அந்த வரி வரும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டப்பட்டது. டேப்புக்கு அடியில் மவுஸின் அம்புக்குறியை நுழைப்பது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம் என்று சுவரில் அறிவிப்பு மாட்டினார்கள். அழித்த கோப்புகள் போய்ச் சேரும் குப்பைத்தொட்டிப் படத்தையும் திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெரிய மனிதர்கள் வந்து போகும் இடத்தில் குப்பைத்தொட்டி கண்ணில் படுவது மரியாதையாக இல்லையாம். கணினியை அணைத்து எழுப்பினால் குப்பை தானாகக் காலியாகும்படியும் செய்தாயிற்று.

பட்டாணி அந்த வருடம்தான் அங்கே சேர்ந்திருந்தாள். பிறந்தபோது உள்ளங்கையில் அடங்கினாள் என்று அவளுடைய அப்பா வைத்த பெயர் அது. இருபத்து நான்கு வயதாகியும் அந்தப் பெயருக்கு அவள் பெரிதாகத் துரோகம் செய்துவிடவில்லை. வகுப்பில் முன்பெஞ்சில் உட்கார்ந்தால்தான் கரும்பலகை தெரியும். பயிற்சிக் கூடத்தில் அவள் பெயர் பதினேழு. வருகைப் பதிவேட்டில் பதினேழாவது வரி.

அப்பா பேருந்து நிலையத்து அறிவிப்பாளர். ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க வேண்டிய அளவில் ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு மின்விசிறி. எந்த வண்டி எந்த நடைமேடையில், எத்தனை மணிக்கு என்று இருபத்தாறு வருடமாக அந்த அறையிலிருந்து ஊருக்கே சொன்னவர். குழந்தை காணாமல் போனால் அடையாளம் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. இவர் கடைசியில், "அழாதே தங்கம், அம்மா வந்துகிட்டே இருக்காங்க," என்று சேர்த்துக்கொள்வார். அதற்காக இரண்டு முறை விளக்கம் கேட்டு ஓலை வந்தது. மூன்றாவது முறையும் சேர்த்துத்தான் சொன்னார்.

வீட்டில் அவர் வாயைத் திறப்பதே அபூர்வம். கேட்டால், வீட்டிலும் பேசினால் ஓவர்டைம் யார் தருவார்கள் என்பார். போன் செய்தால் "வந்துட்டேன்", "வரேன்" இரண்டே சொல். குரல் செய்தி அனுப்பும் பழக்கமே கிடையாது. மைக்கில் பேசினால் சம்பளம், போனில் பேசினால் வேலையற்ற வேலை. பட்டாணியின் அம்மா இறந்து ஒன்பது வருடம். அதைப்பற்றியும் அவர் பேசியதில்லை.

இந்த மனிதரின் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், மூன்று வாரத்தில் தேதி, அதற்குப் பிறகு பேச்சு இருக்காது என்று டாக்டர் சொன்னார். அப்பா, விடுப்புக் கடிதத்தில் என்ன காரணம் எழுதலாம் என்று கேட்டார். பட்டாணி வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து எழுந்தபோது, பரீட்சைக்கு எடுக்க வேண்டிய பத்து நிமிடப் படம் எதைப்பற்றி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று காலைகள், அடுக்களை ஜன்னல் வெளிச்சத்தில், பயிற்சிக் கூடத்தின் கேமராவை வைத்து எடுத்தாள். ஒவ்வொரு நாளும் அப்பா முதலில், "ஓடுதா?" என்று கேட்பார். "ஓடுதுப்பா, பேசுங்க," என்பாள். முதல் நாள் வண்டிகளைப்பற்றிப் பேசினார். இரண்டாம் நாள் காணாமல் போன குழந்தைகளைப்பற்றி. மூன்றாம் நாள், அவள் கேட்காமலே, அம்மாவைப்பற்றி ஆரம்பித்தார்.

"இருபத்தாறு வருஷத்துல ஒரே ஒரு தப்பு பண்ணேன். மூணாவது நடைமேடைன்னு சொல்ல வேண்டியதை அஞ்சுன்னு சொல்லிட்டேன். திருத்தி மறுபடி சொல்றதுக்குள்ள வண்டி போயிடுச்சு. அஞ்சாவதுல நின்ன ஒரு பொண்ணு நேரா வந்து கண்ணாடியைத் தட்டுச்சு. என்ன திட்டு திட்டுச்சு தெரியுமா. உங்கம்மாதான். அந்தத் தப்பை மட்டும் நான் திருத்தவே இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகி, தண்ணீர் கேட்டார். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நாற்பது நிமிடம். அவள் பிறந்ததிலிருந்து அப்பா அவளிடம் பேசியது மொத்தம் அவ்வளவு இருக்காது.

கூடத்துக் கேமராவில் எடுத்தது கூடத்துச் சொத்து. மெமரி கார்டை அன்றன்றே ஒப்படைக்க வேண்டும். எடிட்டிங் அறைச் சாவிக்காரர் அதைப் பெரிய ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டு, கார்டைத் துடைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். வைரஸ் வரும் என்று பென் டிரைவை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே அந்த இரண்டு மணி நாற்பது நிமிடம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது.

மென்பொருள் கற்றுக்கொடுக்க அமர்த்தப்பட்டவருக்குக் கத்தரி சார் என்று பெயர். ஃபிலிம் சுருள் காலத்தில் கையால் வெட்டி ஒட்டிப் பழகியவர். கணினி என்றால் அவருக்கு உள்ளூர நடுக்கம்; பக்கத்தில் வரும்போதெல்லாம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ஆகவே முதல் மூன்று மாதம் மென்பொருளைக் கரும்பலகையில் படித்தார்கள். காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையான டைம்லைனை ஸ்கேல் வைத்து நோட்டில் வரைந்து, படத்துக்கு நீல வண்ணமும் ஒலிக்குப் பச்சை வண்ணமும் தீட்டினார்கள். தேர்வில், வெட்டும் கருவியின் ஏழு பயன்களை எழுதுக என்று கேள்வி வந்தது. பட்டாணி, "வெட்டலாம்" என்று எழுதி ஏழில் ஒரு மதிப்பெண் வாங்கினாள்.

நான்காவது மாதம் கணினி முன் உட்கார விட்டார்கள். ஆனால் வெட்டியதைத் திரும்பப் பெற முடியாதே, அதனால் வெட்டுவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு படிவம் போட்டிருந்தார்கள். எந்த இடத்தில் வெட்டுகிறீர்கள், ஏன் வெட்டுகிறீர்கள், வெட்டாவிட்டால் என்ன ஆகும்? பட்டாணி நூற்றுப் பன்னிரண்டு படிவம் நிரப்பினாள். மூன்றாவது கேள்விக்கு நூற்றுப் பன்னிரண்டு முறையும், "வெட்டாவிட்டால் படம் இரண்டு மணி நாற்பது நிமிடம் ஓடும்" என்றே எழுதினாள். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எல்லாவற்றிலும் கையெழுத்து விழுந்தது.

இத்தனைக்கு நடுவிலும் அவள் கற்றுக்கொண்டாள். கைதவறினால் போச்சு என்பதால், ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் டைம்லைனுக்கு ஒரு நகல் எடுத்து வைக்கப் பழகினாள். கடைசி, கடைசி இரண்டு, இதுதான் கடைசி, சத்தியமாகக் கடைசி என்று பெயர்கள் நீண்டுகொண்டே போயின. ஒலி திரையில் சின்னச்சின்ன மேடுகளாகத் தெரியும். கொஞ்ச நாளில் அப்பாவின் மேடுகளைக் கேட்காமலே படிக்க வந்துவிட்டது. மூச்சு இழுக்கும் இடம் தெரியும், எச்சில் விழுங்கும் இடம் தெரியும், "உங்கம்மாதான்" என்று சொல்வதற்கு முன் தயங்கிய தட்டையான கோடு தெரியும். அந்தத் தயக்கத்தை வெட்டிவிடச் சொன்னார் கத்தரி சார். அவள் மாட்டேன் என்றாள். அவர் கையைப் பின்னால் கட்டியபடி இன்னொரு முறை போட்டுக் கேட்டுவிட்டு, இருக்கட்டும் என்று சொல்லி நகர்ந்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே பாடம் அதுதான்.

இதற்கிடையில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அப்பா சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டார். எழுதுவதும் அறிவிப்பாகவே இருக்கும். "பயணிகள் கவனத்துக்கு, காபியில் சர்க்கரை இல்லை" என்று எழுதிக் காட்டுவார். தினமும் சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் நோட்டை நீட்டுவார். "படம் என்னைக்கு?" ஏன் இவ்வளவு அவசரம் என்று ஒருநாள் கேட்டாள். எழுதிக் காட்டினார்: "இருபத்தாறு வருஷம் ஊரே கேட்டது. நான் உட்கார்ந்து கேட்டதில்லை."

படம் ஒன்பது நிமிடம் நாற்பது விநாடியில் முடிந்தது. ஆனால் அதை ஒரே முழுக்கோப்பாக மாற்றித் தர அவளுக்கு உரிமையில்லை. திரையிடும் நாளன்று, நடுவர் குழுவின் முன்னிலையில்தான் செய்யலாம். அதுவரை ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் சமர்ப்பித்தால் போதும். ப்ராஜெக்ட் ஃபைல் என்பது வெறும் குறிப்பு. இந்தக் காட்சியை அங்கேயிருந்து எடு, அதை இங்கே வை என்று சொல்லும் பட்டியல். படம் அதற்குள் இருக்காது. எடிட்டிங் தெரிந்த எவருக்கும் இது முதல் நாளே தெரியும். அலுவலகக் கண்காணிப்பாளருக்குத் தெரியாது. எண்பதே கிலோபைட்டில் ஒரு முழுப்படத்தை அடக்கிவிட்டாளே என்று அவர் பட்டாணியைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அவள் விளக்க வாயெடுத்தாள். சிக்கனத்தைப்பற்றி அவர் பேச ஆரம்பித்துவிட்டதால் விளக்க முடியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து முதல்வருக்கு ஓர் எண்ணம் உதித்தது. "கேட்பது எப்படி" என்ற தலைப்பில் ஐம்பது சொற்பொழிவு ஆற்றி, மூன்று கேமராவில் பதிவு செய்து, வருங்காலத் தலைமுறைக்கு விட்டுச் செல்வது என்று தீர்மானித்தார். அதற்கு ஹார்ட் டிஸ்கில் இடம் வேண்டும். கண்காணிப்பாளர் சுற்றறிக்கை விட்டார். சமர்ப்பிக்கப்பட்டுவிட்ட படங்களின் மூலக் காட்சிகள் சமைத்து முடித்த பின் மிஞ்சும் தோலுக்கு ஒப்பானவை, எனவே அவற்றை உடனே அகற்றுக என்று அதில் இருந்தது.

பட்டாணி எடிட்டிங் அறைக்குள் நுழைந்தபோது மணி பத்து. சாவிக்காரர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சுற்றறிக்கையில் டிக் போட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் கண்ணு, பதினேழை முடிச்சேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. திரையில் பதினாறுக்குப் பக்கத்தில் பதினெட்டு இருந்தது. புரிந்ததும் கை தானாகக் கீபோர்டுக்குப் போனது. இடது சுண்டுவிரல் கன்ட்ரோலில் அழுந்தியது. இசட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. விரல் குழிக்குள் போய் நின்றது. சட்டென்று மவுஸைப் பிடித்து, அம்புக்குறியைக் கறுப்பு டேப்புக்கு அடியில் செலுத்தினாள்.

"ஐயோ வேணாம்மா, எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு," என்று சாவிக்காரர் எழுந்து அவள் கையைப் பிடித்தார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர் செய்வதைத்தான் செய்தார். குனிந்து கணினியின் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

திரை கறுத்தது. பிறகு அவரே பதறி ஒயரைச் செருகி எழுப்பினார். கணினி நல்ல பிள்ளையாகக் குப்பையைக் காலி செய்துவிட்டு எழுந்து வந்தது.

பட்டாணி முன்பு வேலை பார்த்த நகல் கடைக்குப் பக்கத்தில் கணினி பழுது பார்க்கும் கடை ஒன்று உண்டு. ஓடிப்போய் அந்தக் கடைக்காரரைக் கேட்டாள். அழித்தது உடனே அழிந்துவிடாது, அதன் மேல் வேறொன்றை எழுதினால்தான் அழியும் என்று அவர் சொன்னார். "அந்த டிஸ்க்ல இனி ஒண்ணுமே ஏத்தக் கூடாது. அப்படியே கழட்டிக் கொண்டாந்தா எடுத்துடலாம்மா. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது."

அவள் கண்காணிப்பாளரிடம் போனாள். அழிந்ததை மீட்பது என்றால் அது இசட் பட்டன் சம்பந்தப்பட்ட விவகாரம், அதற்கென்று படிவம் இருக்கிறது என்றார் அவர். படிவத்தில், "விண்ணப்பதாரர் செய்த தவறின் விவரம்" என்று ஒரு கட்டம். தவறு தன்னுடையதில்லை என்று அவள் சொன்னாள். பிறர் தவறுக்கு இசட் தர விதியில்லை என்றார். வேறு வழியில்லாமல், "என் காட்சிகளை நானே அழித்துவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்தாள். மறுநாள் அவளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கூடத்தின் சொத்தை அழித்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? விசாரணை நடந்தது. விசாரணைக்குச் சாட்சியாகச் சாவிக்காரர் அழைக்கப்பட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே, அவள்தான் அழித்தாள் என்று சொன்னார். கண்டித்து எச்சரிக்கப்பட்டு, பதினோராவது நாள் அவளுக்கு ஓர் இசட் பட்டன், உறையில், கையெழுத்து வாங்கிக்கொண்டு தரப்பட்டது. கொண்டுபோய்ப் பொருத்தி அழுத்தினாள். கணினி 'டொங்' என்றது.

அந்தப் பதினோரு நாளில் முதல்வர் ஒன்பது சொற்பொழிவை முடித்திருந்தார். எல்லாம் அதே ஹார்ட் டிஸ்கில்.

பத்தாவது பதிவு தொடங்குமுன் அவரைப் பார்க்க அவளுக்கு நான்கு நிமிடம் கிடைத்தது. முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டே, சொல்லுங்கள் என்றார். அன்றைய தலைப்பு "குறுக்கிடாமல் கேட்டல்". சார், எங்க அப்பாவோட குரல் அந்த டிஸ்க்ல, என்று அவள் ஆரம்பித்தாள்.

"தெரியும், கேள்விப்பட்டேன்," என்று முதல்வர் குறுக்கே புகுந்தார். "நீங்க கேக்கறது ஒரு ஆளோட பேச்சுக்காக ஐம்பது சொற்பொழிவை நிறுத்தணும்ங்கறது. உங்க அப்பா என்ன பேசியிருப்பார்? வண்டி நம்பர். நான் பேசறது எப்படிக் கேக்கணும்ங்கறதைப்பத்தி. உங்க அப்பா பேச்சைக் கேக்கணும்னாலே முதல்ல என் பேச்சைக் கேட்டிருந்தாத்தானே முடியும்?"

வேறு டிஸ்கில் பதிவு செய்யலாமே என்றாள்.

"முடிவு எடுத்தாச்சும்மா," என்றார், ரொம்பக் கனிவாக.

அவள் வெளியே வந்தபோது பின்னால் விளக்குகள் எரிந்தன, அமைதி என்று யாரோ கத்தினார்கள், முதல்வரின் குரல் கிளம்பியது. அந்தக் குரலின் ஒவ்வொரு வாக்கியமும் எங்கே போய் உட்காருகிறது என்று அவளுக்குத் தெரியும். கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போலிருந்தது. நான்கடிப் பெண், எம்பினாலும் எட்டாது.

திரையிடும் நாள் வந்தது. படமே இல்லை சார், திரையிட வேண்டாம் என்று கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னாள். அழைப்பிதழில் அச்சாகிவிட்டது என்றார் அவர். அப்பாவிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. கொஞ்சம் சிக்கல்ப்பா என்று சொல்லி வைத்திருந்தாள். அவர் அறிவிப்பாளர் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, அரை மணி முன்னதாகவே வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

விளக்குகள் அணைந்தன. ப்ராஜெக்ட் ஃபைல் திறக்கப்பட்டது. மூலக் காட்சி கிடைக்காவிட்டால் மென்பொருள் ஒரு சிவப்புத் திரையைக் காட்டி, கோப்பு காணவில்லை என்று ஏழெட்டு மொழியில் சொல்லும். அந்தச் சிவப்பு வந்து நின்றது. சத்தம் இல்லை. அவள் நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் வெட்டியிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு முறை சிவப்பு வெட்டுப்பட்டுச் சிவப்பு வந்தது. அப்பா உடம்பை முன்னால் சாய்த்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு காத்திருந்தார். மூன்று நிமிடம் போனது. ஐந்து போனது. திரையின் சிவப்பு வெளிச்சத்தில் நோட்டை எடுத்து எழுதி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளிடம் நீட்டினார்.

"எப்ப ஆரம்பிக்கும்?"

"இல்லப்பா," என்றாள். "அழிச்சுட்டாங்க. எல்லாம் போச்சு."

அவர் காதிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆனாலும் கடைசி வரை திரையைத்தான் பார்த்தார்.

விளக்கு எரிந்ததும் நடுவர்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யார் முதலில் பேசுவது என்பதுதான் பிரச்சினை. கடைசியில் வயதில் மூத்தவர், சிவப்பு என்றார். அடுத்தவர் அந்தச் சிவப்பின் துணிச்சல் என்றார். மூன்றாமவர் தன் முப்பது வருட அனுபவத்தில் இவ்வளவு துல்லியமான வெட்டுகளைப் பார்த்ததில்லை என்றார். அது மட்டும் உண்மை. முதல்வர் மைக்கைப் பிடித்தார்.

"குரலை இழந்த ஒரு மனிதர். அவரைப்பத்தின படத்துல குரலே இல்ல. நாங்க இசட் பட்டனை எடுத்தப்ப சிரிச்சாங்க. இன்னைக்கு அதோட பலனைப் பாருங்க. போனது போனதுதான்னு சொல்ற தைரியம் ஒரு மாணவிக்கு வந்திருக்கு. அந்தத் தைரியத்தைக் கொடுத்தது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

சொல்ல வேண்டியதில்லை என்றுவிட்டு அதைப்பற்றி இருபத்தைந்து நிமிடம் சொன்னார். அவ்வருடத்தின் சிறந்த படம் பதினேழுடையது. பரிசு, கண்ணாடிப் பேழைக்குள் பஞ்சில் வைத்த ஓர் இசட் பட்டன். புகைப்படக்காரர் அப்பாவையும் மேடைக்குக் கூப்பிட்டு, முதல்வருக்குப் பக்கத்தில் நிறுத்தி, கொஞ்சம் சிரிங்க சார் என்றார். அப்பாவின் கழுத்துத் துணியை முதல்வர் தன் கையாலேயே சரிசெய்து விட்டார்.

ஹார்ட் டிஸ்கைக் கேட்டு அவள் மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஐம்பது சொற்பொழிவும் முடிந்து வேறு இடத்துக்கு மாற்றியாயிற்று, பழைய டிஸ்கைத் தர ஆட்சேபமில்லை, ஆனால் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். மேற்படி படத்தில் காணப்படும் சிவப்பும் மௌனமும் மாணவியின் சொந்தக் கலை முடிவு, கூடத்தில் எக்காலத்திலும் எதுவும் அழிக்கப்படவில்லை, இது யாருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதியது. சாட்சிக் கையெழுத்துக்குக் கத்தரி சாரை அழைத்திருந்தார்கள். அன்றைக்கு மட்டும் கையை முன்னால் கொண்டுவந்து கையெழுத்துப் போட்டார். தலை நிமிரவில்லை.

பட்டாணி பேனாவை வாங்கினாள். நியாயத்துக்காகச் சண்டை போட்டால் நியாயம் கிடைத்தாலும் கிடைக்கலாம், டிஸ்க் கிடைக்காது. கையெழுத்துப் போட்டாள். அடுத்த வருடத்திலிருந்து அவளுடைய படம் அங்கே பாடமாக இருக்கிறது. அந்தச் சிவப்பின் ஏழு பயன்களை எழுத வேண்டும்.

பழுது பார்க்கும் கடைக்காரர் டிஸ்கை நான்கு நாள் வைத்திருந்தார். கூலி வேண்டாம் என்று சொல்லி ஒரு பென் டிரைவைக் கொடுத்தார். ஒரே ஒரு துண்டுதான் தேறியது என்றார், அதுவும் நாலு விநாடி, அப்புறம் வேற ஆள் வந்துடறாரும்மா. முன்னாடியே கொண்டாந்திருந்தா என்று ஏதோ ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அடுக்களை மேசையில் பழைய மடிக்கணினியை வைத்தாள். அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பரிசுப் பேழை மேசை ஓரத்தில் கிடந்தது. அதைத் திறந்து பட்டனை எடுத்தார், மேசை மேல் வைத்து ஆள்காட்டி விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார், திரும்பப் பஞ்சிலேயே வைத்தார். பிறகு மகளைப் பார்த்துத் தலையசைத்தார்.

திரையில் அதே ஜன்னல், அதே வெளிச்சம். மூன்றாம் நாள் போட்டிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டை. அம்மாவைப்பற்றிப் பேசிய நாள். அப்பா ஸ்டூலில் நகர்ந்து உட்கார்ந்து, லேசாகக் கனைத்து, கேமராவைப் பார்த்தார்.

"ஓடுதா?"

படம் துள்ளியது. பவுடர் போட்ட முகத்துடன் முதல்வர் வந்தார். கேட்பதற்கு முதல் தகுதி வாயை மூடிக்கொண்டிருப்பது என்றார்.

பட்டாணி நிறுத்தினாள். அப்பாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. அவர் நோட்டில் ஒரே ஒரு சொல் எழுதினார். "மறுபடி."

மறுபடி போட்டாள். கனைப்பு வந்தது, "ஓடுதா?" வந்தது. முதல்வர் வருவதற்கு முன் நிறுத்தப் பார்த்தாள், கை ஒரு நொடி பிந்திவிட்டது. மூன்றாம் முறையும் பிந்தியது. நான்காம் முறை அப்பாவின் உதடுகளும் திரையோடு சேர்ந்து அசைந்தன. சத்தம் திரையிலிருந்து மட்டும் வந்தது.

"ஓடுதா?"

"ஓடுதுப்பா, பேசுங்க," என்றாள் பட்டாணி. அதற்குள் முதல்வர் பேச ஆரம்பித்திருந்தார்.